எட்டரை மணி நெரிசல்: ஒரு கிராமத்து டவரில் பேண்ட்வித்தைப் பங்கிட ஐந்து வழிகள்

இரவு எட்டரை மணிக்கு, எங்கள் டவரில் இருந்து இணைய இணைப்புப் பெறும் அம்மா ஒருவர் போன் செய்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாராம். அவன் முகம் அசையாமல் நின்றுவிட்டது, குரல் துண்டு துண்டாக வருகிறது என்றார். உடனே மடிக்கணினியைத் திறந்து ஊருக்குள் வரும் பிரதான லைனைப் பார்த்தேன். நொடிக்கு 200 மெகாபிட் கடத்தக்கூடிய லைனில் 110 மெகாபிட்தான் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் பாதித் தண்ணீர் சும்மா கிடக்கிறது. அந்த அம்மாவின் வயலுக்கு வந்து சேரவில்லை.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். தோப்புகளுக்கு நடுவே தள்ளித் தள்ளி வீடுகள். வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுத்தால் கட்டுபடியாகாது. டவர் வரை ஃபைபர் வருகிறது. அங்கிருந்து, ஊரின் ஒவ்வொரு பக்கத்தைப் பார்த்து அலை பரப்பும் இரண்டு செக்டார் ஆன்டெனாக்கள் வழியாக, 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் 48 வீடுகளுக்கு இணைப்புப் போகிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. கோடிகளில் ஏலம் கேட்க முடியாத எங்களைப் போன்ற சிறிய ஆட்களுக்கு அது பெரிய கதவு. கதவு எல்லோருக்கும் திறந்திருப்பதால் உள்ளே நெரிசலும் உண்டு.

அந்த மாதம் டவரின் பங்குதாரர்கள் கூடி உட்கார்ந்தோம். கையில் இருந்த பணத்துக்கு ஏதாவது ஒன்றைத்தான் செய்ய முடியும். ஒருவர் லைனைப் பெரிதாக்கலாம் என்றார். இன்னொருவர் வீட்டுக்கு இவ்வளவுதான் என்று கட்டிவிடலாம் என்றார். வீடியோ அழைப்புக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்பது மூன்றாவது யோசனை. வரிசையை ஒழுங்குபடுத்துவது, டவரின் நேரத்தைப் பங்கிடுவது என்ற மற்ற இரண்டையும் நான் வைத்தேன். இந்த ஐந்தையும் எடைபோட்டதில் எனக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதுகிறேன். பள்ளி, விடுதி, சிறு அலுவலகம் என்று எங்கே வயர்லெஸ் இணைப்பைப் பலர் பகிர்ந்தாலும் இதே கேள்விகள்தான் எழும்.

முதலில், இறுக்கம் எங்கே?

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் பணத்தை இறக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இப்படிப்பட்ட அமைப்பில் தரவு மூன்று இடங்களில் சிக்கலாம்: ஊருக்கு வரும் லைன், டவருக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள காற்று, வீட்டுக்குள் இருக்கும் வைஃபை. மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: "நெட் ஸ்லோ."

பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனைக்குப் பிங் என்று பெயர். நெரிசல் நேரத்தில் டவரில் இருந்து வெளி இணையத்துக்கு ஒரு பிங், டவரில் இருந்து வீட்டு மாடியில் உள்ள ரேடியோவுக்கு ஒரு பிங், வீட்டு ரவுட்டரில் இருந்து அந்த வீட்டுக் கைபேசிக்கு ஒரு பிங். எது காலையில் 5 மில்லிநொடியும் இரவில் 400 மில்லிநொடியும் காட்டுகிறதோ அங்கேதான் இறுக்கம். அன்று இரவு டவரில் இருந்து வெளியே போன பிங்கின் நேரம் கூடவே இல்லை. டவருக்கும் வீடுகளுக்கும் இடையே, அதுவும் மேற்குப் பக்க செக்டாரில் மட்டும், எண்கள் எகிறிக்கொண்டிருந்தன. அந்த செக்டார் மொத்தமாகவே 30 மெகாபிட்டைத் தாண்டவில்லை.

லைனைப் பெரிதாக்குவது என்ற முதல் யோசனை இதிலேயே விழுந்துவிட்டது. 200 மெகாபிட்டை 400 ஆக்கியிருந்தால் மாதாமாதம் கூடுதல் பணம் கட்டியிருப்போம்; அந்த அம்மாவுக்கு மகன் முகம் அப்போதும் அசைந்திருக்காது. லைன் உண்மையாகவே நிரம்பும் இடத்தில் இதைவிட நல்ல தீர்வு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் லைனின் வரைபடம் உச்சியில் தட்டையாக நிற்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம், வாங்கிவிடுங்கள். எவ்வளவு சாமர்த்தியமாகப் பங்கிட்டாலும் இல்லாத பேண்ட்வித்தை (தரவு கடத்தும் திறனை) யாராலும் உண்டாக்க முடியாது.

வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ரவுட்டரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். ஆனால் எந்த எண்ணை வைப்பது?

200 மெகாபிட்டை 48 வீடுகளுக்குச் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 4 மெகாபிட்டுக்குச் சற்று மேல் வரும். இதை வரம்பாக வைத்தால் லைன் ஒருபோதும் நிரம்பாது. ஆனால் பகல் இரண்டு மணிக்கு, ஊரில் மூன்று பேர் மட்டுமே இணையத்தில் இருக்கும்போதும் அவர்களுக்கு 4 மெகாபிட்தான். மீதி 188 மெகாபிட் யாருக்கும் பயன்படாமல் போகிறது. பேண்ட்வித்தைச் சேர்த்துவைக்க முடியாது. இந்த நொடியில் பயன்படுத்தாதது இந்த நொடியோடு போயிற்று. மாறாக வரம்பை 20 மெகாபிட் என்று தாராளமாக வைத்தால், பத்து வீடுகள் ஒரே நேரத்தில் முழுவேகத்தில் இழுத்தாலே லைன் நிரம்பிவிடும். அதாவது, இறுக்கமாக வைத்தால் வீண். தளர்த்தினால் எட்டரை மணிக்குப் பயனில்லை.

இடைவழி ஒன்று உண்டு. முதல் சில நொடிகளுக்கு வேகத்தை அவிழ்த்துவிட்டு, தொடர்ந்து இழுத்தால் மட்டும் வரம்புக்குள் இறக்குவது. ஒரு பக்கத்தைத் திறப்பவருக்குச் சட்டென்று திறக்கும். மணிக்கணக்கில் பதிவிறக்குபவர் வரம்புக்குள் அடங்குவார். இதை நான் எல்லா டவர்களிலும் வைத்திருக்கிறேன். திட்டத்துக்கு ஏற்ற வேகம் கொடுக்க உச்சவரம்பு தேவைதான். நெரிசலுக்கு மருந்து அதுவல்ல. முக்கியமாக, இந்த வரம்பு மெகாபிட்டில்தான் எண்ணும். ஒரு வீட்டுக்கு 4 மெகாபிட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க டவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எங்கள் மேற்குச் செக்டாரின் நோய் அங்கேதான் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முன்னுரிமை: ஆசைக்கும் நடைமுறைக்கும் இடையே

குரல், வீடியோ அழைப்பு முதலில், பதிவிறக்கம் கடைசியில். இந்த யோசனைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. வயர்லெஸ் பிராட்பேண்டுக்காகவே பிறந்த வைமேக்ஸ் தொழில்நுட்பம் இதைத் தன் அடித்தளமாகவே வைத்திருந்தது. 2005இல் அந்தத் தரநிலையில் ஐந்து சேவை வகைகள் இருந்தன. முதல் வகைக்குக் கேட்காமலே குறிப்பிட்ட இடைவெளியில் நேரம் ஒதுக்கப்படும். தொலைபேசிக் குரல் போன்ற சீரான ஓட்டத்துக்கு அது. பேசுபவர் மௌனமாக இருக்கும்போதும் அந்த நேரம் அவருக்கே ஒதுக்கப்பட்டு வீணானதால், மௌனத்தில் ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொள்ளும் இன்னொரு வகையை 2005இல் சேர்த்தார்கள். வீடியோவுக்கு ஒன்று, குறைந்தபட்ச வேகம் மட்டும் போதும் என்கிற கோப்புப் பரிமாற்றத்துக்கு ஒன்று, மிச்சம் இருந்தால் போதும் என்கிற சாதாரண இணையத்துக்கு ஒன்று.

இந்தியாவில் 2010இல் பிராட்பேண்ட் வயர்லெஸ் அலைக்கற்றை ஏலம் நடந்து அரசுக்குச் சுமார் 38,500 கோடி ரூபாய் வந்தது. அதற்குள் உலகம் வைமேக்ஸை விட்டு, எல்டிஇ என்ற 4ஜி தொழில்நுட்பத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. அந்த அலைக்கற்றையும் பின்னால் 4ஜிக்கே பயன்பட்டது. ஆனால் வகைபிரித்துப் பங்கிடும் சிந்தனை எல்டிஇக்குள்ளும் வந்தது. தரவு சிறு சிறு பொட்டலங்களாகவே பயணிக்கிறது. அங்கே குரலுக்கான வகையில் ஒரு பொட்டலத்துக்குத் தாமதம் 100 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். நூற்றில் ஒன்று தொலைந்தாலும் பரவாயில்லை. சாதாரண இணையத்துக்கான வகையில் 300 மில்லிநொடி வரை தாமதிக்கலாம். தொலைவது பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. இந்த இரண்டு வரிகளைப் புரிந்துகொண்டால் சேவைத் தரம் என்ற விஷயத்தில் பாதி புரிந்துவிடும். காது ஓர் அசையைத் தவறவிட்டாலும் பொருள் பிடித்துக்கொள்ளும். காத்திருக்க மட்டும் அதற்குத் தெரியாது. கோப்புக்குப் பொறுமை உண்டு. ஓர் எழுத்துக்கூடக் குறையக் கூடாது.

பெரிய செல்பேசி நிறுவனங்களின் 4ஜி குரல் அழைப்பு நெரிசலிலும் தெளிவாகக் கேட்பதற்கு இந்த முன்னுரிமைதான் காரணம். ஆனால் அது வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் நிறைவேறுகின்றன. குரல் அழைப்பு அவர்களுடைய சொந்தச் சேவை. எது குரல் என்று அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. இடம் இல்லையென்றால் புதிய அழைப்பை ஏற்காமல் மறுக்கவும் அவர்களால் முடியும். உத்தரவாதம் கொடுப்பவனுக்கு மறுக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும். இருபது பேருக்கு மட்டும் இடமுள்ள முன்வரிசையில் அறுபது பேரை உட்காரச் சொன்னால் முன்வரிசை என்ற ஒன்றே இல்லாமல் போகும்.

எங்கள் டவரில் இந்த இரண்டுமே கிடையாது. ஊர் மக்கள் பேசுவது பல செயலிகளில். எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்ட பொட்டலங்கள். வீடியோ அழைப்பையும் வீடியோ படத்தையும் பிரித்தறிய ரவுட்டர் ஊகம்தான் செய்ய வேண்டும். அனுப்புபவர் வைக்கும் முன்னுரிமைக் குறிகளும் பல வலையமைப்புகளைத் தாண்டி வருவதற்குள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. செயலிகளின் முகவரிகளைப் பட்டியலிட்டு முன்னுரிமை கொடுத்துப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் பட்டியல் பழையதாகிவிட்டது. அதைவிட மனத்தை உறுத்தியது வேறொன்று: நான் பட்டியலில் சேர்க்காத செயலியில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது? எல்லாச் செயலிகளையும் சமமாக நடத்தச் சொல்லும் இணையச் சமநிலை விதிகளை 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஏற்றுக்கொண்டது. நியாயமான போக்குவரத்து மேலாண்மைக்கு அதில் இடம் இருக்கிறது. ஒரு செயலிக்கு மட்டும் தனிப் பாதை போடுவதற்கு இல்லை. அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். எந்தச் செயலி ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் டவர் வைத்திருப்பவனிடம் இருக்கக் கூடாது.

முன்னுரிமைக்குத் தகுந்த இடம் ஒன்று உண்டு. ஒரு மருத்துவமனையோ அலுவலகமோ வலையமைப்பு வழியே பேசும் தன் சொந்த ஐபி தொலைபேசிகளை வைத்திருந்தால், அவற்றுக்குத் தனி வகை ஒதுக்கலாம். ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 90 கிலோபிட் போதும். பத்து அழைப்புகள் சேர்ந்தாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. எவ்வளவு, எது என்பது இரண்டும் தெரிந்த இடம் அது. அங்கே தயங்காமல் செய்யலாம்.

வரிசையை ஒழுங்குபடுத்துவது

நான்காவது வழி, செலவில்லாமல் பெரிய மாற்றத்தைக் காட்டியது. இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போதும். ஒரு வீட்டில் மேலேற்றும் வேகம் 2 மெகாபிட். அந்த வீட்டு ரேடியோவின் நினைவகத்தில் 250 கிலோபைட் பொட்டலங்கள் வரிசையில் நிற்க இடம் இருக்கிறது. 250 கிலோபைட் என்பது 20 லட்சம் பிட். வரிசை நிரம்பியிருந்தால் கடைசியில் வந்து சேரும் பொட்டலம் வெளியேற ஒரு முழு நொடி ஆகும். வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை மேலேற்றத் தொடங்கினால் வரிசை நிரம்பிவிடுகிறது. பக்கத்து அறையில் ஆன்லைன் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் குரல் அந்த வரிசையின் வாலில் நிற்கிறது. இயல்பான உரையாடலுக்கு ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இங்கே ஒரே ஒரு வரிசையில் 1000 மில்லிநொடி போய்விட்டது. வேகச் சோதனை செய்து பார்த்தால் அந்த வீட்டுக்குச் சொன்ன 2 மெகாபிட் முழுதாக வருகிறது என்றே காட்டும்.

வரிசை நீளமாக இருப்பது பாதுகாப்பு என்றே பல காலம் கருதிவந்தார்கள். எந்தப் பொட்டலத்தையும் தொலைக்காமல் வைத்திருக்கும் அல்லவா? 2012இல் வலையமைப்பு ஆய்வாளர்களான கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வேறொரு கோணத்தில் பார்த்தார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காதே. ஒரு பொட்டலம் அதில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார். குறைந்தபட்சக் காத்திருப்பே தொடர்ந்து 100 மில்லிநொடிக்கு 5 மில்லிநொடிக்கு மேல் இருந்தால் பொட்டலங்களைக் கைவிடத் தொடங்கு. அனுப்புபவர் அதை உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்வார். கோடெல் என்ற இந்த முறையோடு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் (அதாவது ஒவ்வோர் இணைப்பின் தரவுக்கும்) தனி வரிசை வைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்ததுதான் எஃப்கியூ கோடெல். 2018இல், இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் சோதனைநிலை ஆவணமாக அது வெளிவந்தது. அதே ஆண்டு, பல ரவுட்டர்களை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் சேர்ந்த கேக் என்ற முறை இன்னும் ஒரு படி போகிறது: ஓட்டங்களுக்கு இடையே மட்டுமல்லாமல் ஆட்களுக்கு இடையேயும் சமமாகப் பங்கிடும். ஒருவர் நாற்பது இணைப்புகளைத் திறந்துவைத்துக்கொண்டு நாற்பது பங்கு கேட்க முடியாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ரவுட்டர் யாரையும் அடையாளம் காண வேண்டியதில்லை என்பதுதான். குரல் அழைப்பு சிறு சிறு பொட்டலங்களாக, இடைவெளி விட்டு வருகிறது. அதன் தனி வரிசை எப்போதும் காலியாகவே இருப்பதால் வந்தவுடன் வழி கிடைக்கிறது. பதிவிறக்கம் தன் வரிசையில் தானே நிற்கிறது. எந்தச் செயலி என்ற கேள்வியே எழவில்லை. முன்னுரிமைப் பட்டியல் தர முயன்ற பலனை, பட்டியல் எதுவும் இல்லாமல், பொட்டலங்களின் நடத்தையை மட்டும் வைத்தே கொடுத்துவிடுகிறது. மைக்ரோடிக் ரவுட்டர்களின் ஏழாம் பதிப்பு மென்பொருளிலும், ரவுட்டர்களுக்கான திறந்த மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டியிலும் இவை இருக்கின்றன. பழைய ரவுட்டராக இருந்தாலும் மென்பொருளைப் புதுப்பித்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஒரு நிபந்தனை மட்டும் கண்டிப்பானது. வரிசை உங்கள் ரவுட்டரில் நிற்க வேண்டும். லைனின் உண்மையான வேகம் 200 என்றால் ரவுட்டரில் 190 என்று வைக்க வேண்டும். அப்போதுதான் நெரிசல் உங்கள் கைக்குள் நடக்கும். இல்லாவிட்டால் வேறு யாருடைய பெட்டியிலோ நீண்ட வரிசை உருவாகிவிடும். ஃபைபர் லைனில் இது எளிது, அதன் வேகம் மாறாது. ரேடியோவில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. ஒரு வீட்டின் வேகம் 30 மெகாபிட்டில் இருந்து 5க்கு விழுந்தால் மேலே இருக்கும் ரவுட்டருக்கு அது தெரியாது. 30க்குச் சற்றுக் கீழே நாம் வைத்த 28ஐயே நம்பி ஊற்றிக்கொண்டே இருக்கும். வரிசை ரேடியோவுக்குள் போய்க் குவியும். லைன் பக்கம் இந்த முறையை வைத்ததும் கிழக்குச் செக்டார் வீடுகளில் அழைப்புகள் சீராகிவிட்டன. மேற்கில் பாதிதான் சரியானது.

டவரின் நேரம்

இனி ஐந்தாவது வழி. மற்ற நான்கையும்விட இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எங்கள் ஊரில் சிக்கலின் வேர் இங்கேதான் இருந்தது.

கம்பியில் ஒரு மெகாபிட் என்றால் யாருக்கும் ஒரு மெகாபிட்தான். காற்றில் அப்படி இல்லை. நேர்பார்வையில், பக்கத்தில் இருக்கும் வீட்டோடு டவர் வேகமான பண்பேற்றத்தில், அதாவது அலையில் அதிகத் தகவலை ஏற்றி, பேசுகிறது. தோப்புக்குப் பின்னால் இருக்கும் வீட்டோடு நிறுத்தி நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வதுபோலப் பேச வேண்டியிருக்கிறது. வைஃபையின் 11என் வகையில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒற்றைத் தரவு ஓடைக்கு மேல்நிலை வேகம் 65 மெகாபிட். கீழ்நிலை வேகம் 6.5 மெகாபிட். ஒரே செய்தியைச் சொல்லப் பத்து மடங்கு நேரம்.

இரண்டே வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 65இல், மற்றது 6.5இல். சாதாரண வைஃபை விதியில் இருவருக்கும் பேசும் வாய்ப்பு மாறி மாறி, சம எண்ணிக்கையில் வருகிறது. அதாவது பொட்டலங்கள் சமம். கணக்குப் போட்டால் இருவருக்கும் 5.9 மெகாபிட் வரும், மொத்தம் 11.8. டவரின் நேரத்தில் பதினொன்றில் பத்துப் பங்கை மெதுவான வீடு எடுத்துக்கொள்கிறது. வேகமான வீட்டுக்காரர் 65இல் இருந்து 5.9க்கு விழுகிறார், ஏன் என்று அவருக்குத் தெரியாது. இந்த விசித்திரத்தை 2003இலேயே பிரான்ஸ் ஆய்வாளர்கள் விளக்கி எழுதிவிட்டார்கள். மாறாக நேரத்தைச் சமமாகப் பிரித்தால் வேகமான வீட்டுக்கு 32.5, மெதுவான வீட்டுக்கு 3.25, மொத்தம் 35.75. மும்மடங்கு. மூன்றாவதாக, முழு நேரத்தையும் வேகமான வீட்டுக்கே கொடுத்தால் மொத்தம் 65; மற்ற வீட்டுக்குப் பூஜ்யம். மொத்த எண்ணிக்கை மட்டும் பார்க்கும் கணினிக்கு இதுதான் சிறந்த விடை. ஊருக்கு இது விடை ஆகாது.

செல்பேசித் துறை இந்தக் கேள்வியை 2000 வாக்கிலேயே எதிர்கொண்டது. இணையப் போக்குவரத்துக்கு நியாயம் என்றால் என்ன என்று கணிதவியலாளர் ஃபிராங்க் கெல்லி 1990களின் பிற்பகுதியில் எழுதிய விகிதாசாரச் சமத்துவம் என்ற கருத்தும், டேவிட் ட்சே போன்ற தகவல்தொடர்பு ஆய்வாளர்களின் உழைப்பும் சேர்ந்து ஒரு விதி உருவானது: ஒவ்வொரு கணத்திலும், ஒருவர் இப்போது பெறக்கூடிய வேகத்தை இதுவரை அவர் பெற்றுவந்த சராசரியால் வகுத்துப் பார், யாருக்கு அது அதிகமோ அவருக்குக் கொடு. நீண்ட நேரம் கிடைக்காமல் இருந்தவரின் முறை தானாகவே மேலே வரும். அலை நன்றாக இருக்கும் கணத்தைப் பிடித்தும் கொடுக்கும். எல்டிஇயில் மில்லிநொடிக்கு ஒருமுறை, 180 கிலோஹெர்ட்ஸ் அகலத் துண்டுகளாக இந்தப் பங்கீடு நடக்கிறது. மாடியில் ஆணியடித்து வைத்த ஆன்டெனாக்களுக்கு, அலை பெரிதாக மாறாத இடத்தில், இந்த விதி சம நேரம் என்பதாகவே முடிகிறது.

எங்கள் பக்கத்துக் குளத்துப் பாசனத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. முறைத் தண்ணீர் விடும்போது நீர்ப்பாய்ச்சி குடத்தால் அளந்து விடுவதில்லை, நேரத்தால் அளக்கிறார். தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நிலத்துக்கு ஏற்ற நேரம். கடைமடைக்குப் போகும் வழியில் மண் குடிக்கும் தண்ணீர் கடைமடைக்காரரின் கணக்கில்தான் சேர்கிறது. அதனால் கடைமடையில் குறைவாகவே பாயும். பங்குதாரர் ஒருவர் இதையேதான் கேட்டார்: "தோப்புக்குப் பின்னால் வீடு கட்டியது அவர்கள் குற்றமா? ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு பத்தில் ஒரு பங்கு கொடுப்பதா?"

நியாயமான கேள்வி. இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. 2023இல் இந்திய அரசு பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டில் இருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தியது. அதையே கடைசி வரம்பாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 48 வீடுகளுக்கு 2 மெகாபிட் என்றால் 96, லைன் தாங்கும். ஆனால் 6.5இல் பேசும் வீட்டுக்கு, தரவோடு சேர்ந்து போகும் முகவரித் தலைப்புகள், வந்து சேர்ந்ததைச் சொல்லும் ஒப்புகைகள், இடைவெளிகள் போக உண்மையில் 4 மெகாபிட் அளவுதான் முழு நேரத்துக்கும் கிடைக்கும். அந்த ஒரு வீட்டுக்கு 2 மெகாபிட்டை உறுதிசெய்ய செக்டாரின் பாதி நேரத்தைக் கொடுக்க வேண்டும். மீதி 23 வீடுகளுக்கு மீதிப் பாதி.

விடை அந்தக் கணக்கிலேயே இருந்தது. மெதுவான வீட்டுக்கு மற்றவர்களின் நேரத்தை அள்ளிக் கொடுப்பதைவிட, அந்த வீடு மெதுவாக இருப்பதன் காரணத்தைச் சரிசெய்வது மலிவு. கடைமடைக்கு வாய்க்காலைச் சிமெண்ட் பூசிக் கொடுப்பதுபோல. வாய்க்கால் சரியாகும் வரை நேரத்தைச் சமமாக வைப்பது. சரியான பிறகும் அப்படியே தொடர்வது.

நேரத்தைப் பங்கிட டவர் ரேடியோவின் நடைமுறையை மாற்ற வேண்டும். மாடியில் உள்ள ஆன்டெனாக்கள் எல்லாம் டவரையே பார்த்து நிற்பதால் ஒரு வீடு பேசுவது மற்ற வீட்டுக்குக் கேட்பதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வார்கள். மைக்ரோடிக்கின் என்வி2, யூபிக்விட்டியின் ஏர்மேக்ஸ் போன்ற முறைகளில் டவரே ஒவ்வொரு வீட்டுக்கும் "இது உன் நேரம்" என்று கூறி முறை வைக்கிறது. மோதல் அடங்குவதே பாதி வெற்றி. குறைகளும் உண்டு: முறைக்காகக் காத்திருப்பதால் வெறுமையான நேரத்திலும் சில மில்லிநொடி கூடும், எல்லா வீட்டு ரேடியோவும் அதே நிறுவனத்தின் மொழியைப் பேச வேண்டும். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் எளிதில் மாற முடியாது. விடுதி, பள்ளி போன்ற இடங்களில் பல வகைக் கைபேசிகள் வரும் என்பதால் இது ஒத்துவராது. அங்கே 2017 முதல் லினக்ஸின் சில வைஃபை இயக்கிகளில் வந்துள்ள நேரச் சமத்துவ வசதி உள்ள வைஃபை அணுகல் பெட்டியை வாங்குவதே சரி. கைபேசியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

நாங்கள் எடுத்த முடிவு

லைனைப் பெரிதாக்கவில்லை. உச்சவரம்பைத் திட்ட வேகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். செயலி முன்னுரிமைப் பட்டியலை அழித்துவிட்டேன். லைன் பக்கம் கேக், ரேடியோ பக்கம் நேர முறை. கையில் இருந்த பணம் பைப்புக்குப் போனது.

மேற்குச் செக்டாரை இழுத்துப் பிடித்திருந்தது ஒரே ஒரு வீடு. தென்னந்தோப்புக்கு அப்பால் இருந்தது அது. இணைப்புக் கொடுத்த வெயில் காலத்தில் அலை ஓலைகளுக்கு நடுவே எப்படியோ புகுந்து வந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் சில கிலோமீட்டர் தூரத்துக்கு மழைத்துளி பெரிய தடை இல்லை. நனைந்த ஓலைதான் தடை. சாரல் தொடங்கியதும் அந்த வீட்டின் வேகம் 6.5க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அந்த வீட்டுப் பையன் தினமும் மாலை ஒரு விளையாட்டுச் செயலியின் பெரிய கோப்பைப் பதிவிறக்கிக்கொண்டிருந்தான். மெதுவாக இருந்ததால் அது முடியவே இல்லை, முடியாததால் தினமும் தொடர்ந்தது. அவன் செய்ததில் தவறே இல்லை. சிங்கப்பூர் மகனின் முகம் அசையாமல் நின்றது இந்தத் தோப்பால்தான்.

மொட்டை மாடியில் பதினைந்து அடி ஜிஐ பைப்பை நிறுத்தி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, ஆன்டெனாவை ஓலை மட்டத்துக்கு மேலே ஏற்றினோம். திசையை ஒரு விரற்கடை திருப்பும்போதே எண் ஏறியது: 6.5, 13, 26, 39. அங்கேயே இறுக்கினோம். அன்று இரவு எட்டரை மணிக்கு மேற்குச் செக்டார் 70 மெகாபிட்டைத் தாண்டியது. வீடுகளுக்கான பிங் 20 மில்லிநொடிக்குள் நின்றது. பையனின் பதிவிறக்கம் ஒன்பது மணிக்கு முன்பே முடிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துப் பெய்த பலத்த சாரலில் அந்த வீடு 39இல் இருந்து 26க்கு இறங்கியது. நேர முறை இருந்ததால் மற்ற வீடுகளுக்கு அது தெரியவில்லை. அதே செக்டாரில் இன்னும் மூன்று வீடுகள் 13இல் நிற்கின்றன. அவர்கள் மாடிகளுக்கும் அளவெடுத்துவிட்டோம். பைப் வெள்ளிக்கிழமை வருகிறது.